மதிகேடன் பக்கம் பேசிய துறவி



கல்லூரி மாணவி ஒருவரின் கடிதம், நான்கு பக்கம், என் மேசையில் இருக்கிறது. கடவுள் இருக்கிறார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று சபையில் கேட்டாராம். "கேள்வி கேக்காதீங்க, ஜெபம் பண்ணுங்க" என்றார்களாம். ஜெபிக்கத்தான் வேண்டும். ஆனால் பிள்ளையின் வாயை அடைக்கவா ஜெபம்?

எனக்கு ஆன்செல்ம் நினைவுக்கு வந்தார். பிற்பாடு கான்டர்பரி பேராயரான இவர், அப்போது நார்மண்டியில் பெக் மடத்துத் துறவி. கடவுள் இருக்கிறார் என்பதை ஒரே வாதத்தில் நிறுவிவிட முடியுமா என்ற யோசனை அவரைப் பிடித்துக்கொண்டது. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, ஆராதனையிலும் மனம் நிற்கவில்லை. பிசாசின் சோதனையோ என்றுகூடப் பயந்தார். ஓர் இரவு ஜெப வேளையில் சட்டென்று பிடிபட்டது. மெழுகுப் பலகையில் எழுதிவைத்தார். பலகை காணாமல் போனது. மறுபடி எழுதினார்; அது தரையில் உடைந்து கிடந்தது. மெழுகுத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, தோல்தாளில் படியெடுக்கச் சொன்னார். 1078 வாக்கில் முடிந்த அந்த நூல் நெடுகக் கடவுளிடம் பேசும் ஜெபமாகவே இருக்கிறது. யோசிப்பதையும் ஜெபிப்பதையும் அவர் பிரிக்கவில்லை.

எதைவிடப் பெரிதாக ஒன்றை நினைக்கவே முடியாதோ, அவரே கடவுள். நினைப்பில் மட்டும் இருப்பதைவிட நிஜத்திலும் இருப்பது பெரிது. ஆகவே கடவுள் நிஜத்திலும் இருக்கிறார். இதுதான் வாதம். கௌனிலோ என்ற இன்னொரு துறவி இதை ஏற்கவில்லை. தேவன் இல்லை என்று இருதயத்தில் சொல்லிக்கொள்ளும் சங்கீதத்து மதிகேடன் சார்பிலேயே மறுப்பு எழுதினார். எல்லாத் தீவுகளிலும் சிறந்த தீவை நான் நினைத்துப் பார்த்தால், அது கடலில் இருந்தே ஆக வேண்டுமா என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஆன்செல்ம் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். அதோடு, இனி தம் நூலைப் படியெடுப்பவர்கள் கௌனிலோவின் மறுப்பையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்றார். தொடக்கமும் முடிவும் உள்ள தீவைப்போல் அல்ல கடவுள் என்ற அவர் பதிலில் வலு இருப்பதாகவே நினைக்கிறேன். பிற்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் ஆன்செல்மின் வாதத்தை ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மறுத்தவரின் எழுத்தைத் தம் நூலோடு சேர்க்கச் சொன்ன அந்த விசுவாசத்தின் முன் நான் தலைவணங்குகிறேன்.

மாணவியின் கடிதத்தை, பெயர் மட்டும் நீக்கி, ஒரு வரிகூட வெட்டாமல் இந்த இதழில் தந்திருக்கிறோம். பதில் எழுதுங்கள். எழுத உட்காருமுன் 1 பேதுரு 3:15-ஐக் கடைசிவரை வாசித்துவிடுங்கள். சாந்தமாகப் பதில் சொல்லச் சொல்வதும் அந்த வசனம்தான்.

அன்புடன்,
ஆசிரியர்