மலை ஏறாதவர்களுக்கும் செஞ்சி உண்டு



கீழ்பென்னாத்தூரில் யாரிடமாவது செஞ்சிக்கோட்டையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "தெரியாமலா? சென்னை போகும்போதெல்லாம் பார்க்கிறோமே!" என்பார்கள். எங்கிருந்து? பஸ் ஜன்னலிலிருந்து! திண்டிவனம் ரோட்டில் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். மைசூர் அரண்மனைக்கு வேன் பேசும் நமக்கு, பக்கத்து ராஜா வீட்டுக்குள் போக மட்டும் ஒரு நாள் அமையமாட்டேன் என்கிறது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று நம் செஞ்சி. இனியும் ஜன்னல் தரிசனம் போதுமா?

சரி, கிளம்பிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். வழக்கமாக என்ன நடக்கும்? பிள்ளைகள் ராஜகிரி மலையைப் பார்த்ததுமே ஓடுவார்கள். அவர்களைப் பிடிக்க அப்பா பின்னாலேயே போவார். மூட்டு வலிக்காரப் பாட்டியும், பாட்டிக்குத் துணையாக அம்மாவும் மரத்தடியில் உட்கார்ந்து பைகளுக்குக் காவல். மூன்று மணி நேரம் கழித்து ஏறியவர்கள் வியர்த்து வழிய இறங்கி வருவார்கள். உடனே "நேரமாச்சு, பஸ்ஸைப் பிடிக்கணும்!"

எனக்கு இதில்தான் வருத்தம். அந்தப் பாட்டி உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில்தானே அரண்மனையே இருந்தது!

ஆபத்து வந்தால் ஒதுங்கத்தான் உச்சிமலை. முகலாயத் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையிட்டபோது, சிவாஜியின் மகன் ராஜாராமின் படை 1698 வரை தாக்குப்பிடித்தது இந்தக் கோட்டையின் பலத்தில்தான். ராஜகிரி உச்சிக்கு முன்னால் ஒரு பிளவு இருக்கிறது. அதன் மேலிருந்த பாலத்தை எடுத்துவிட்டால் எந்தப் படையும் அந்தப் பக்கமே நின்றுவிட வேண்டியதுதான். ஆனால் அன்றாட வாழ்க்கை? அது கீழேதான். அரண்மனையின் அடித்தளம், கல்யாண மகால், யானைக் குளம், குதிரை லாயம், களஞ்சியம் எல்லாமே சமதரையில் இருக்கின்றன.

கல்யாண மகாலை நின்று நிதானமாகப் பாருங்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், மாடிமேல் மாடியாக எழும் கோபுரம். மேல் மாடிகளுக்குத் தண்ணீர் போக மண்குழாய் பதித்திருந்தார்கள். மோட்டார் இல்லாத காலத்தில்! களஞ்சியத்துக்குள் போனால் நம் வீட்டுப் பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? எத்தனை மூட்டை நெல் பிடிக்கும் என்று அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். எந்த கைடும் சொல்லாத விஷயங்கள் அப்போதுதான் வெளியே வரும்.

கொஞ்சம் தள்ளி வெங்கட்ரமணர் கோயில். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்களுக்கு முன்னால் நீங்களும் போட்டோ எடுத்திருப்பீர்கள். அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை; இந்தக் கோயில் தூண்கள்தான் என்பார்கள். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா 1714-இல் போரில் விழுந்த கதையைப் பாட்டியையே சொல்லச் சொல்லுங்கள். கூத்தில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது நம்மைவிட நன்றாகவே தெரியும்.

ஆகவே என் யோசனை: காலை வெயில் ஏறுமுன் மலை ஏறுபவர்கள் ஏறட்டும். பிற்பகலில் ஒரு நேரத்துக்குமேல் எப்படியும் ஏற விடமாட்டார்கள். அவர்கள் மலையில் இருக்கும் நேரத்தில் மற்றவர்கள் கல்யாண மகால் பக்கம் சுற்றட்டும். பையை ஆளுக்கொன்றாகச் சுமந்தால் காவலுக்கு ஆளே வேண்டாம். தின்பண்டம் மட்டும் கையில் தெரியக்கூடாது. குரங்குகள் நம்மைவிட சுறுசுறுப்பு.

டிக்கெட் பெரிய செலவில்லை, 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை. கோட்டை, செஞ்சி ஊருக்கு முன்னாலேயே வந்துவிடும் என்பதால் இறங்குமிடத்தைக் கண்டக்டரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். மெயின் ரோட்டிலிருந்து ராஜகிரி வாசலுக்குக் கொஞ்சம் நடை உண்டு. பாட்டி வந்தால் ஆட்டோதான் நல்லது.

கூட்டமா? காணும் பொங்கலன்று போய்விட்டுக் கூட்டத்தைத் திட்டுவதில் நியாயமில்லை. நம் பக்கத்தில் காலண்டரில் இன்னும் இரண்டு நாள் பார்க்க வேண்டும். பௌர்ணமியன்று திரும்பி வரும் பஸ்களில் திருவண்ணாமலை கிரிவலக் கூட்டம். அமாவாசையன்று மேல்மலையனூர் கோயில் கூட்டம். இந்த இரண்டையும் விட்டு, ஒரு சாதாரண சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். மத்தியானச் சாப்பாட்டைச் செஞ்சி டவுனில் முடித்துக்கொண்டால், விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு வந்துவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்