பூங்கா வரட்டும்… எங்கே, எப்படின்னு ஊர் சொல்லட்டும்!



"ஊருக்குப் பூங்கா வருது"ன்னு சொன்னா யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. பிரச்சினையே அங்கதான் ஆரம்பிக்குது. நல்ல விஷயம்தானேன்னு நாம சும்மா இருந்துடுறோம். இடம், வரைபடம், எஸ்டிமேட் எல்லாம் யூனியன் ஆபீஸ்லயே முடிஞ்சிடுது. ஊருக்குத் தெரிய வரும்போது கல்வெட்டு ரெடி. ரெண்டு வருஷம் கழிச்சுப் போய்ப் பார்த்தா கேட்ல பூட்டு, உள்ளே சீமைக்கருவேலம். இப்படிக் கிடக்கிற பூங்காவை நீங்களே பார்த்திருப்பீங்க.

ராயப்பன்பட்டியையே எடுத்துக்குவோம். மேகமலை அடிவாரம், பக்கத்துல சண்முகாநதி அணை, சுத்தித் திராட்சைத் தோட்டம். "இவ்வளவு பச்சை இருக்கிற ஊருக்குப் பூங்கா எதுக்கு?"ன்னு கேட்கிறவங்க உண்டு. ஆனா தோட்டமெல்லாம் பட்டா நிலம், வேலி போட்டது. பிள்ளைங்க விளையாட, வயசானவங்க பயமில்லாம நடக்க, தோட்ட வேலை முடிச்சு வர்ற அக்கா, அத்தைமார் பத்து நிமிஷம் உட்கார, எல்லாருக்கும் பொதுவா ஒரு இடம் வேணும்ல?

நாளைக்கே அப்படி ஒரு திட்டம் வருதுன்னு வைங்க. மந்தையில போடலாம்னு ஒருத்தர் சொல்வார். கதிரடிக்கக் களம் போயிடும்னு விவசாயி சொல்வார். வாலிபால் கிரவுண்டுதான் வேணும்னு பசங்க நிப்பாங்க. லைட்டும் கழிவறையும் இல்லாம எங்களுக்கு எதுக்குன்னு பெண்கள் கேட்பாங்க. அதிகாரி, "மாதிரி வரைபடம் இதுதான், மார்ச் 31-க்குள்ள நிதியைச் செலவு பண்ணணும்"னு சொல்வார்.

எல்லார் பேச்சுலயும் நியாயம் இருக்கு. அதிகாரியை வில்லன் ஆக்க வேண்டாம். ஆனா மழைத்தண்ணி எங்க தேங்கும், மாடு எந்தப் பக்கம் வரும்னு மாதிரி வரைபடத்துக்குத் தெரியாது. ஊருக்குத்தான் தெரியும்.

"நாம கேட்டா என்ன ஆகிடப் போகுது?"ன்னு நினைக்கிறீங்களா? பெங்களூர்ல நடந்ததைப் பாருங்க.

சாங்கி ஏரி பக்கத்துல ராஜமகால் விலாஸ் விரிவாக்கப் பகுதி. அங்கே பூங்காவுக்குன்னு திறந்தவெளியா ஒதுக்கின ஒரு இடம். 1976-ல மாநில அரசே உத்தரவு போட்டு, பெங்களூர் வளர்ச்சி ஆணையம் அந்த இடத்தை ஒரு மருத்துவ அறக்கட்டளைக்கு ஆஸ்பத்திரி கட்டக் கொடுத்துடுச்சு. "ஆஸ்பத்திரியும் பொது நன்மைதானே?"ன்னு வாதம். அந்தப் பகுதியில குடியிருந்த மக்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. முதல்ல தனி நீதிபதி தள்ளுபடி பண்ணார். டிவிஷன் பெஞ்ச்ல ஜெயிச்சாங்க. 1991 ஜூலையில உச்ச நீதிமன்றமும் மக்கள் பக்கம் நின்னுச்சு. பூங்காவுக்குன்னு ஒதுக்கின இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குத் தர முடியாது, அதைக் கேட்கிற உரிமை அங்கே வாழ்றவங்களுக்கு உண்டுன்னு தீர்ப்பு.

ஜெயிச்சாங்க, சரி. ஆனா 15 வருஷம்! முடிவு எடுத்த பிறகு போராடினா கோர்ட்டு, கேஸு. முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி கேட்டா ஒரு நாள் போதும். அந்த ஒரு நாள்தான் கிராம சபை.

வருஷத்துக்கு 6 நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற எல்லாரும் கிராம சபை உறுப்பினர்தான். 3,001 முதல் 10,000 பேர் வரை இருக்கிற ஊராட்சின்னா குறைஞ்சது 200 பேர் வரணும், அதுக்கு மேல போனா 300 பேர். ஆள் சேர்க்கிறது யார் வேலை? நம்ம வேலைதான்.

இன்னொண்ணு. 2019 டிசம்பர்ல தேர்வான நம்ம மாவட்ட ஊராட்சிகளோட பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சு, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போச்சு. தலைவரும் வார்டு மெம்பரும் இல்லாத காலத்துல, வாசல்ல போய்க் கேட்க ஆள் கிடையாது. மக்கள் குரல் பதிவாக கிராம சபையை விட்டா வேற எந்த இடம் இருக்கு?

எந்தப் பூங்கா திட்டம் வந்தாலும் இந்த 4 கேள்வியை விடாதீங்க:

1. இடம் யாருது? சர்வே நம்பர் என்ன, வகைப்பாடு என்ன? கண்மாய், குளம், ஓடைப் புறம்போக்குன்னா அங்கே பூங்கா வேண்டாம். நீர்நிலை நீர்நிலையாவே இருக்கட்டும்.

2. மனைப்பிரிவு போட்ட இடமா? 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல மனை பிரிச்சா, சாலை போக மீதியில 10% பொது இடமா விட்டு, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தரணும். அந்த இடம் இப்போ எங்கே, யார் கையில?

3. பராமரிப்புக்குக் காசு எங்கிருந்து? இன்ஜினியரிங் படிச்சவனா சொல்றேன், கட்டுறது ஒரு தடவைச் செலவு. தண்ணி, கரண்ட், காவலாளி எல்லாம் மாசாமாசம் வர்ற செலவு. எஸ்டிமேட்ல அந்த வரி இல்லைன்னா, பூட்டு இப்பவே தயார்னு அர்த்தம்.

4. எத்தனை மணிக்குத் திறப்பு? விடியுமுன்னே தோட்டத்துக்குப் போறவங்களுக்கு, காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்குப் பூட்டுற பூங்காவால என்ன பிரயோஜனம்?

பதில் வரலைன்னா, 10 ரூபாய் கட்டணத்துல தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போடுங்க. 30 நாள்ல பதில் தரணும்.

கடைசியா நம்ம ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. கிராம சபைக்குக் கொடியோட போக வேண்டாம். பெயர்ப்பலகைக்கும் பெயின்ட் கலருக்கும் சண்டை வேண்டாம். எதிர்க்கட்சி அண்ணன் சரியான கேள்வி கேட்டா கூட நில்லுங்க. ஆட்சியில யார் இருந்தாலும் இதே 4 கேள்விதான். பேசினதெல்லாம் தீர்மானப் புத்தகத்துல ஏறுச்சான்னு பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.

அடுத்த கிராம சபைக்கு உங்க தெருவுல இருந்து எத்தனை பேர்? கமெண்ட்ல சொல்லுங்க. ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்குப் பகிருங்க.

#கிராமசபைக்கு_வாங்க
#நம்ம_ஊர்_நம்ம_பூங்கா