கோப்பைப் படிப்பவரும் எஞ்சினியர்தான்

சிவில் படிக்கிற நம்மகிட்ட யாராவது "முடிச்சுட்டு என்ன பண்ணப் போற?" என்று கேட்டால், பதில் மூணு நாலுக்குள் அடங்கிவிடும். சைட், டிசைன், டி.என்.பி.எஸ்.சி., இல்லாவிட்டால் ஐ.டி. "கடற்கரையில் கட்ட அனுமதி கேட்டு வரும் கோப்புகளைப் படிச்சு, கொடுக்கலாமா வேண்டாமான்னு எழுதப் போறேன்" என்று சொன்ன ஒருத்தரைக்கூட நான் பார்த்ததில்லை. அப்படி ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அதைக் கிளார்க் வேலை என்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தையோடதான் சண்டை.

முதலில் சட்டம், சுருக்கமாக. 1991 பிப்ரவரியில் மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. சுற்றுச்சூழல் பாடத்தில் ரெண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் பண்ணுவோமே, அந்த சி.ஆர்.இசட். 2011-ல் மாற்றி எழுதினார்கள், 2019-ல் மறுபடியும். கடலை ஒட்டி, உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. கிராமப்புறக் கடற்கரையில், 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் இருந்தால் முதல் 50 மீட்டர் வளர்ச்சி தடை செய்யப்பட்ட பகுதி. அடர்த்தி அதற்குக் கீழே என்றால் 200 மீட்டர். இது 2019 அறிவிக்கையின் கணக்கு.

டேப் எடுத்து அளந்தால் முடிஞ்சது என்று தோணும். ஆனால் எங்கிருந்து அளப்பீங்க? உயர் ஓதக் கோடு என்பது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதத்தில் தண்ணீர் ஏறும் எல்லை. மணலில் யாரும் சுண்ணாம்பு போட்டு வைக்கவில்லை. வரைபடத்தில்தான் அது கோடாக இருக்கிறது. மாநிலத்தின் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம் 1:25,000 அளவில் வரையப்படுகிறது. நம்ம சர்வேயிங் லேப் கணக்கைப் போட்டுப் பாருங்க. வரைபடத்தில் 1 மில்லிமீட்டர் தரையில் 25 மீட்டர். அப்போ அந்த 50 மீட்டர் வெறும் 2 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள பேனா கோடே பன்னிரண்டரை மீட்டரை விழுங்கிவிடும். ஒரு வீட்டு மனை அதில் காணாமல் போகும். அதனால்தான் தனித்தனித் திட்டங்களுக்கு 1:4,000 அளவில் வரைபடம் கேட்கிறார்கள். அந்த ரெண்டு வரைபடமும் ஒண்ணோடொண்ணு பொருந்துகிறதா, ஓரத்தில் ஒரு சர்வே எண் நழுவியிருக்கிறதா என்று பார்ப்பவர்தான் நான் சொல்லும் ஆள். இதைக் கிளார்க் வேலை என்றால் தியோடலைட்டும் கிளார்க் வேலைதான்.

(அளவு மாறினால் கடற்கரையே நீளும் என்பது சும்மா கதை இல்லை. இந்தியக் கடற்கரை 7516 கிலோமீட்டர் என்று பள்ளியில் படித்தோம். நுணுக்கமான வரைபடத்தில் மறுபடி அளந்தபோது 11,098 கிலோமீட்டருக்கு மேல் வந்தது.)

அடுத்து மாதம். எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடிக்கும். கழிமுகத்திலும் ஆற்றிலும் ஓதத்தின் செல்வாக்கு எதுவரை என்பதை உப்பை வைத்து முடிவு செய்கிறார்கள். ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு எதுவரை இருக்கிறதோ அதுவரை. ஆண்டின் மிக வறண்ட காலத்தில் அளக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. சென்னைப் பக்கத்துக் கழிமுகம் ஒன்றில் நவம்பர் மழையில் போய் மாதிரி எடுத்தால் என்ன கிடைக்கும்? நல்ல தண்ணிதான் கிடைக்கும். எண்கள் பொய் இல்லை, லேப் சான்றிதழும் அசல். ஆனால் மண்டலம் கிலோமீட்டர் கணக்கில் சுருங்கிவிடும். பங்குனி ஆமை விஷயமும் இதே மாதிரிதான். அது நம் கரைக்கு முட்டையிட வருவது பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ஆகஸ்டில் கள ஆய்வு நடத்தி "ஆமைகள் தென்படவில்லை" என்று எழுதினால் வாக்கியத்தில் ஒரு பிழையும் இருக்காது. முந்நூறு பக்க அறிக்கையில் அந்தத் தேதி ஏதாவது ஒரு பின்னிணைப்பில் சின்ன எழுத்தில் கிடக்கும். அதைத் தேடிப் பிடிக்கத் தெரிந்தவர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

காலி மணல் என்ற சொல்லும் அப்படித்தான். செயற்கைக்கோள் படத்தில் காலியாகத் தெரியும் இடம் படகு ஏற்றும் இடமாக இருக்கும், வலை காயப்போடும் இடமாக இருக்கும், கருவாடு உலர்த்தும் இடமாக, கரைவலை இழுக்கும் பாடாக இருக்கும். பட்டா இருக்காது. ஆனால் ஊருக்கே தெரியும் அது யாருடையது என்று. கோப்பில் 'பயன்பாட்டில் இல்லாத நிலம்' என்று ஒரு வரி வந்தால், ஊருக்குப் போய் நின்று பார்க்கிற பழக்கம் இருப்பவருக்குத்தான் அது உறுத்தும். உறுத்தாமல் போனால், ஒரு ஊரின் தொழில் ஒரு கையெழுத்தில் போய்விடும்.

தூண்டில் வளைவுக் கோப்புகள் இன்னும் சிக்கல். நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்தால் வடக்கு நோக்கி நகர்கிறது. சென்னைத் துறைமுகம் வந்த பிறகு தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் வந்த பிறகும் வடக்கே அதே கதை. ஒரு கிராமம் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டச் சொல்லிக் கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தக் கல் அரிப்பை வடக்கே உள்ள அடுத்த கிராமத்துக்குத் தள்ளிவிடும். அடுத்த வருஷம் அவர்கள் கோப்பு வரும். ஒவ்வொரு கோப்பையும் தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். நாலு கோப்பையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்கும் மூத்த ஆய்வாளர் ஒருவர் இல்லையென்றால், கரை முழுக்கக் கல்தான் மிஞ்சும்.

இதை ஒழுங்காகச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மரடு போதும். கொச்சியில் காயலை ஒட்டிய நாலு அடுக்குமாடிக் குடியிருப்புகள். 2006-ல் அன்றைய பஞ்சாயத்து கட்டிட அனுமதி கொடுத்தது, கடலோர மண்டல ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமலே. அந்த நிலம் எந்தப் பிரிவில் வருகிறது என்பதே வழக்கில் பெரிய கேள்வியானது. 2019 மே 8 அன்று இடிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த வீடியோவை நாம் எல்லோரும் வாட்ஸ்அப்பில் "செம்ம டெமாலிஷன்" என்று பார்த்தோம். முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் வீடு அது. சேமிப்பைக் கொட்டி வாங்கியவர்களுக்கு இடைக்கால இழப்பீடாகத் தலா 25 லட்சம் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். 2006-ல் அந்தக் கோப்பை ஒருவர் வரைபடத்தோடு வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருந்தால், வெடிமருந்து வாங்க வேண்டி வந்திருக்காது.

அப்படி ஒருவர் திருப்பி அனுப்பினால் "வளர்ச்சிக்குத் தடை" என்பார்கள். முழுமையான விண்ணப்பம் வந்த 60 நாளுக்குள் மாநில ஆணையம் பரிசீலித்துப் பரிந்துரைக்க வேண்டும் என்றுதான் விதி இருக்கிறது. அரைகுறைக் கோப்பு மூணு முறை திரும்பிப் போவதில்தான் மாதங்கள் கரைகின்றன. முதல் வாரத்திலேயே "இந்த நாலு இடத்தில் குறை" என்று தெளிவாக எழுதத் தெரிந்தவர் இருந்தால் கட்டுகிறவருக்கும் நேரம் மிச்சம்.

உண்மையான தடை வேறு என்பது என் கருத்து. அறிக்கை தயாரிக்கும் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பவர் விண்ணப்பதாரர். அந்தப் பக்கம் நல்ல சாஃப்ட்வேர், நல்ல சம்பளம், நம்ம சீனியர்கள். முடிவெடுக்கும் குழுவில் இருப்பவர்கள் பலருக்கும் வேறு முழுநேரப் பொறுப்பு உண்டு. ஆக, எழுதுவதற்கு ஆள் இருக்கும் அளவுக்குப் படிப்பதற்கு ஆள் இல்லை. கலிஃபோர்னியாவில் 1976 சட்டப்படி இயங்கும் கடலோர ஆணையத்துக்கு இதற்கென்றே முழுநேர ஆய்வாளர்கள் உண்டு. அவர்களுடைய பரிந்துரை, காரணங்களோடு, கூட்டத்துக்கு முன்பே பொதுமக்கள் கைக்கு வந்துவிடும். 2022 மே மாதம் ஹண்டிங்டன் பீச்சில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைத் திட்டம் ஒன்று வந்தபோது, நிராகரிக்கலாம் என்று எழுதியவர்கள் ஆய்வாளர்கள்தான். ஆணையம் 11-0 என்று அதை ஏற்றது. அந்த முடிவு சரியா தவறா என்று சண்டை போடலாம். சண்டை போட எழுத்தில் காரணம் இருக்கிறதே, அதுதான் எனக்கு வேண்டும். இங்கேயும் கூட்டக் குறிப்புகள் வெளியாகின்றன. ஆய்வாளரின் காரணங்களும் அதே போல முன்கூட்டியே, முழுசாக, தமிழிலும் வர வேண்டும். கரையில் இருக்கிறவர் படிக்காமல் வேறு யார் படிப்பது?

நம்ம துறைக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருஷமும் அதே மூணு மாடிக் கட்டிடத்தை டிசைன் பண்ணி மினி ப்ராஜெக்ட் என்று பைண்ட் போட்டுக் கொடுக்கிறோம். ஒரு பேட்சுக்காவது கடலோர அனுமதிக் கோப்பு ஒன்றைக் கொடுங்கள். பரிவேஷ் தளத்தில் கோப்புகள் கிடைக்கின்றன. டோட்டல் ஸ்டேஷனை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போகட்டும், வலை காயப்போடுகிறவரிடம் பேசட்டும், மாதிரி எடுத்த தேதியைத் தேடட்டும். கடைசியில் நாலு பக்கம் எழுதட்டும்: கொடுக்கலாமா, கூடாதா, ஏன். வைவாவில் கேள்வி கேட்க அந்த ஊர்க்காரர் ஒருவரையும் கூப்பிடலாம்.