யாரும் எழுதாத ஐந்தாம் நற்செய்தி

மாற்குவிடமிருந்து பெண்களின் அச்சம், மத்தேயுவிடமிருந்து நிலநடுக்கம், லூக்காவிடமிருந்து எம்மாவு வழிப்பயணம், யோவானிடமிருந்து தோட்டக்காரர். இந்நான்கையும் ஒட்டுப்போட்டு ‘உயிர்ப்பு நிகழ்ச்சி’ என்று ஒரே கதையாகக் கற்பிக்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. அவ்வாறு கிடைப்பது எந்த நற்செய்தியாளரும் எழுதாத ஐந்தாவது நற்செய்தி. வழிபாட்டில் அதற்கு இடமிருக்கலாம். ஆய்வு வகுப்பில் இல்லை.

இணக்கவாதிகளின் நிலையான விடை ஒன்றுண்டு: ஒரே விபத்தை நான்கு சாட்சிகள் நான்கு கோணங்களில் கண்டனராம். மத்தேயுவும் லூக்காவும் மாற்குவின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டே எழுதினர் என்பது ஆய்வுலகில் பெரும்பான்மையோர் ஏற்கும் முடிவு. முந்தைய பிரதியைத் திருத்தி எழுதுபவரை வேறு கோணத்தில் நின்ற சாட்சி என்று எப்படி அழைப்பது? கல்லறையில் ஒலிக்கும் ‘கலிலேயா’ என்ற சொல்லையே பார்க்கலாம். மாற்குவில் அது சீடர்கள் போக வேண்டிய இடம். அங்கேதான் அவரைக் காண்பார்கள். லூக்காவிலோ அது இயேசு முன்னர்ப் பேசிய இடம், வெறும் நினைவு. லூக்காவின் சீடர்கள் எருசலேமிலேயே தங்கியிருக்கப் பணிக்கப்படுகிறார்கள். அவருடைய திருச்சபை வரலாறு அந்நகரிலிருந்தே புறப்பட வேண்டும். இது பார்வைக் கோளாறு அன்று, இறையியல் முடிவு.

இதைவிடக் கனமான கேள்வி, உயிர்த்தவரை முதலில் கண்டவர் யார் என்பது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில் பவுல் தரும் பட்டியல் கேபாவிலிருந்து தொடங்குகிறது. பெண் ஒருவரின் பெயர்கூட அதில் இல்லை. லூக்கா பெண்களைக் கல்லறைக்கு அனுப்புகிறார். ஆனால் அவர்கள் சொன்னது சீடர்களுக்குப் பிதற்றலாகப் படுகிறது, தரிசனமோ சீமோனுக்குக் கிடைத்ததாக அறிவிக்கப்படுகிறது. மத்தேயுவில் பெண்களே முதலில் காண்கிறார்கள். யோவானில் மகதலா மரியா தனித்து நின்று காண்கிறார். தொடக்கத் திருச்சபையில் சாட்சியுரிமை யாருக்கு என்ற வழக்கின் தடயங்கள் இவை. இணக்கவாதம் எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்து அவ்வழக்கையே தள்ளுபடி செய்துவிடுகிறது. முரண்களைப் பட்டியலிட்டு எள்ளிநகையாடும் நாத்திகர்களும் இவ்விடத்தில் அதே பெஞ்சில்தான் அமர்கிறார்கள். அவர்களும் தேடுவது காவல்நிலைய அறிக்கையைத்தான்.

மாற்குவின் முடிவுக்கு நேர்ந்தது இன்னும் கொடிது. சினாய், வத்திக்கான் சுவடிகள் இரண்டிலும் அந்நூல் 16:8 உடன் நிற்கிறது: பெண்கள் ஓடுகிறார்கள், அச்சத்தால் எவரிடமும் எதுவும் சொல்லவில்லை. கடைசிச் சொல் ‘கார்’ என்னும் காரணப்பொருள் இடைச்சொல். நூல் அப்படி முடியாது, ஏடு தொலைந்திருக்க வேண்டும் என்பார் உளர். அவ்விடைச்சொல் கிரேக்கத்தில் தொடரின் முதலில் வருவதில்லை, இயல்பாக இரண்டாவதாகவே வரும். தொடரில் வினைச்சொல் ஒன்றே இருந்தால் ‘கார்’ இறுதியில் நிற்பது இலக்கணத்துக்கு உட்பட்டதே. அந்த மௌனத்தைப் பொறுக்காத பிற்காலக் கையொன்று மரியாவையும் வழிப்பயணிகள் இருவரையும் கொண்டுவந்து 9 முதல் 20 வரையான வசனங்களைச் சேர்த்தது. இன்றைய ஒட்டுவேலையின் முன்னோடி அதுவே.

திருச்சபை மரபையே துணைக்கழைப்போர் தாத்தியனை நினைவுகூரட்டும். இரண்டாம் நூற்றாண்டில் அவர் நான்கையும் பின்னி ஒன்றாக்கிய ‘தியாதெஸ்ஸரோன்’ சிரியத் திருச்சபைகளில் நெடுங்காலம் வாசிக்கப்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டில் ஆயர் தியோடரெட் தம் மறைமாவட்டத்தில் அதன் 200க்கும் மேற்பட்ட படிகளைத் திரட்டி அகற்றினார். அவற்றின் இடத்தில் நான்கு நற்செய்திகளையும் தனித்தனியாக வைத்தார்.