ஏரிக்கு ஏற்ற படகு, மீனுக்கு ஏற்ற கண்ணி

மூலக்கொத்தளத்திலிருந்து வடகிழக்கே இரண்டு மூன்று கிலோமீட்டர் சென்றால் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். வடமேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால் புழல் ஏரி. ஒரு பக்கம் உப்புநீர். மறுபக்கம் சென்னை மக்கள் குடிக்கும் நன்னீர். செங்குன்றம், சோழவரம், பூண்டி வட்டாரங்களில் ஏரிகளை மீன்பாசிக் குத்தகைக்கு எடுப்போர், படகும் வலையும் தேடி இராயபுரம், காசிமேடு பக்கம் வருவது இயல்பு.

கடலில் ஓடி ஓய்ந்த ஃபைபர் படகு மலிவாகக் கிடைத்தால் மனம் அதன் பக்கம் சாயும். பழைய வலையையும் எடை போட்டு வாங்கிவிடலாம். "மீன் பிடிக்கத்தானே, எந்தத் தண்ணீராய் இருந்தால் என்ன?" என்று நினைப்போர் உண்டு. இந்த எண்ணம் தவறானது. ஏரிக்கென்று தனிப் படகும், அங்கு வளரும் மீனுக்கென்று தனி வலையும் வேண்டும். அதோடு, வாங்கும் பணத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று முதல் நாளே ஒதுக்கிவிட வேண்டும். இவற்றைச் செய்யாதவர் முதலில் பணத்தையும், பிறகு மீனையும், சில வேளைகளில் உயிரையும் இழக்க நேரும்.

தண்ணீருக்குத் தக்க படகு

முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு, கப்பலில் வந்த ஆட்களையும் சரக்கையும் அலை கடந்து கரை சேர்த்தது மசூலாப் படகு. அதன் பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்திருந்தார்கள். அலை மோதும்போது பலகை வளைந்து கொடுக்குமே தவிர உடையாது. காவிரியிலும், 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலும் ஓடியது பரிசல். மூங்கிலால் முடைந்து தோல் போர்த்திய பரிசல், பின்னாளில் சாக்குப் போர்த்தித் தார் பூசியதாயிற்று. இப்போது ஃபைபரிலும் செய்கிறார்கள். பொருள் மாறினாலும் வட்ட உருவம் மாறவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. பரிசலின் அடி தட்டையானது. முழங்கால் அளவு நீரிலும் ஓடும். நின்ற இடத்திலேயே சுழலும் என்பதால் வலை எடுக்கும்போது துடுப்பில் வலை சிக்காது. சிறிய பரிசலை ஒருவரே தோளில் கவிழ்த்துக் கரையேற்றிவிடலாம். கடல் படகோ நீண்டது, கனமானது, அடிக்கட்டை உடையது. கோடையில் ஏரி வற்றும்போது அது சேற்றில் உட்கார்ந்துவிடும். நாலைந்து பேர் சேர்ந்து இழுக்க வேண்டியிருக்கும். அதோடு, கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. ஆகவே கடலில் மிதந்த அதே படகு, அதே பாரத்துடன் ஏரியில் சற்றுக் கூடுதலாக அமிழும்.

கொசஸ்தலையாற்றையே எடுத்துக் கொள்ளலாம். அதன் குறுக்கே 1944-இல் கட்டப்பட்டது பூண்டி நீர்த்தேக்கம். அதே ஆறு எண்ணூரில் கடலைச் சேர்கிறது. ஆறு ஒன்றுதான், ஆனால் எண்ணூர் முகத்துவாரத்துக்கு உதவும் படகு பூண்டிக்கு உதவாது.

பரிசலுக்கும் குறை உண்டு. பரந்த நீர்த்தேக்கத்தில் காற்று எழுந்தால் அது போக்கில் அடித்துச் செல்லப்படும். அத்தகைய இடங்களுக்கு 14 முதல் 16 அடி நீளமுள்ள, தட்டையான அடியுடைய துடுப்புப் படகு ஏற்றது. எந்தப் படகானாலும், ஆட்களும் நனைந்த வலையும் மீனும் ஏறிய பிறகு விளிம்பு நீர்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் உயரமாவது நிற்க வேண்டும். வாங்குவதற்கு முன் ஆட்களை ஏற்றி இதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

பல ஏரிகளில் தெர்மாகோல் பலகைகளைச் சேர்த்துக் கட்டி அதன் மேல் உட்கார்ந்து வலை விரிக்கிறார்கள். இதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. கயிறு அறுத்தால் பலகை பிளக்கும். உதிரும் துணுக்குகள் நீரில் மிதந்து மீனின் வயிற்றுக்குள் போகும். குடிநீர் ஏரியில் இதை அனுமதிக்கவே கூடாது. அங்கு இயந்திரப் படகும் வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவிப் படகுகளும் வலைகளும் பாழானதை வட சென்னை மக்கள் கண்ணால் கண்டார்கள். ஏரியில் ஒழுகும் எண்ணெய் அளவில் சிறிதாக இருக்கலாம். ஆனால் அது சேர்வது குடிக்கும் நீரில்.

பழைய படகு வாங்குவோர் கவனிக்க

பழைய ஃபைபர் படகு வாங்கித்தான் தீர வேண்டுமென்றால், அதன் உடல் முழுவதையும் நாணயத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலிக்கும் இடம் நல்லது. மந்தமாக ஒலிக்கும் இடத்தில் உள்ளே படலங்கள் பிரிந்திருக்கும். மேல்பூச்சில் விழுந்த விரிசல் வழியே நீர் இறங்கினால் இவ்வாறு நேரும். அந்த இடத்தை நன்றாக உலர்த்தி, சுரண்டி, ரெசினும் கண்ணாடி இழையும் வைத்து ஒட்ட வேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டினால் பிடிக்காது.

இந்த வேலையில் ஓர் எச்சரிக்கை. ரெசினைக் கெட்டியாக்கச் சேர்க்கும் கேட்டலிஸ்ட் திரவத்தையும், கோபால்ட் திரவத்தையும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலக்கவே கூடாது; தீப்பற்றி வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். இரண்டு புட்டிகளையும் ஒரே பெட்டியில் வைப்பதும் தவறு.

மரப் படகைக் கடலில் துளைக்கும் கப்பல் புழு ஏரியில் இல்லை. ஆனால் உப்பில்லாத மழைநீர் படகுக்குள் தேங்கினால் மரம் உளுத்துப்போகும். ஆகவே வேலை இல்லாத நாளில் படகைக் கரையேற்றி, இரண்டு கட்டைகளின் மேல் கவிழ்த்து, நிழலில் வைக்க வேண்டும். பரிசலுக்கும் ஃபைபர் படகுக்கும் இதுவே நல்லது.

கண்ணியில்தான் அடுத்த ஆண்டு மீன்

கட்லா, ரோகு, மிருகால் ஆகிய கெண்டைகள் தேங்கிய ஏரி நீரில் முட்டையிட்டுப் பெருகுவதில்லை. அவற்றுக்கு ஆற்று வெள்ளம் வேண்டும். ஏரியில் இவை இருப்பதெல்லாம் காசு கொடுத்து வாங்கி விட்ட குஞ்சுகளால்தான். இரை நிறைந்த ஏரியில் கட்லா ஓராண்டில் ஒரு கிலோ அளவுக்கு வளரக்கூடியது. அதை நாலாவது மாதத்தில் கால் கிலோ எடையில் பிடிப்பவர், தாம் போட்ட முதலைத் தாமே பாதியில் எடுத்துத் தின்கிறார்.

செவுள் வலையில் மீனின் தலை கண்ணிக்குள் நுழையும், உடல் நுழையாது, செவுள் மூடியில் நூல் மாட்டிக் கொள்ளும். எனவே எந்த அளவு மீன் சிக்க வேண்டும் என்பதைக் கண்ணியின் அளவே தீர்மானிக்கிறது. குத்தகைதாரர் செய்ய வேண்டியது எளிது. விற்க விரும்பும் எடையுள்ள ஒரு மீனை எடுத்து, செவுளுக்குப் பின்னால் அதன் உடலின் சுற்றளவை நூலால் அளந்து, அதற்கேற்ற கண்ணியைக் கடையில் கேட்டு வாங்க வேண்டும். சிறு கண்ணி வலை முதல் வாரம் நிறைய மீன் தரும். அந்த மகிழ்ச்சி அறுவடைக் காலம் வரை நிற்காது.

"அப்படியானால் சிலேபிக் கெண்டையை எப்படிப் பிடிப்பது?" என்று கேட்கலாம். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா மீனே அது. தானாகவே பெருகும், குறையக் குறைய நல்லது. அதைக் கரையோர ஆழமற்ற நீரில் வீச்சு வலையால் பிடிக்கலாம். வீச்சு வலையில் கட்லாக் குஞ்சு அகப்பட்டால் உயிரோடு திரும்ப விட்டுவிடலாம். செவுள் வலையில் அகப்பட்ட குஞ்சு பெரும்பாலும் பிழைப்பதில்லை.

தங்கூசி வலை மலிவானது. நீரில் மீனின் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கிழிந்தால் முடிந்து சீர்செய்வது கடினம். முள்ளில் மாட்டி நீருக்குள்ளேயே தங்கிவிட்டால், ஆளில்லாமலே நெடுநாள் மீனைக் கொன்றுகொண்டிருக்கும். முறுக்கிய நைலான் நூல் வலை விலை கூடினாலும், கைவேலை தெரிந்தவருக்குப் பல ஆண்டு உழைக்கும். சீமைக் கருவேல மரங்கள் மூழ்கிக் கிடக்கும் ஏரியில் வலையை அடிவரை இறக்குவது வீண் சேதம். குறைந்த பாரத்துடன் நடுநீரில் நிற்கும்படி மிதவையை அமைக்க வேண்டும். பாரத்துக்கு ஈயக் குண்டு வேண்டாம், ஈயம் நஞ்சு. பழைய வழக்கப்படி சுடுமண் குண்டு போதும்.

நைலான் வந்தபின் மறந்த பழக்கம்

பருத்தி நூல் வலை இருந்த காலத்தில் மீனவர்கள் அதைப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்து, காய வைத்து, மடித்துப் பாதுகாத்தார்கள். அவ்வாறு செய்யாவிட்டால் வலை மக்கிவிடும். நைலான் மக்காது என்றதும் அந்தப் பழக்கம் கைவிடப்பட்டது. ஆனால் நைலானுக்கும் ஓர் எதிரி உண்டு, அது வெயில். கரையில் குவித்துப் போட்ட வலை, ஒரு முறைகூட நீரில் இறங்காமலே வலு இழந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் பாசியையும் சேற்றையும் அலசி, நிழலில் கொடி கட்டி உலர்த்தி, எலி அணுகாத இடத்தில் தொங்கவிட வேண்டும். மாதம் ஒரு முறை ஒரு கண்ணியை இரு கைகளாலும் இழுத்துப் பார்க்க வேண்டும். எளிதில் அறுந்தால் அந்த வலையைக் கழித்துவிடுவதே மேல். சிறு கிழிசலை அன்றே வலை ஊசியால் முடிந்துவிட்டால் பெருங்கிழிசல் ஆகாது. தூண்டில் முள்ளைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்தால் துருப்பிடிக்காது.

உயிருக்கு விலை இல்லை

நீச்சல் தெரியும் என்பதால் ஏரிக்காரர்கள் மிதவை அங்கியை மதிப்பதில்லை. ஆனால் ஏரியில் கால் பாசியில் சிக்கும், சேற்றில் புதையும், சட்டைப் பொத்தானில் வலை மாட்டும். அப்போது நீச்சல் கைகொடுக்காது. படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் ஓர் அங்கி வேண்டும்; வலையை அறுக்க இடுப்பில் ஒரு கத்தியும் வேண்டும். தனியாள் இரவில் வலை விரிக்கச் செல்லக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மதகுக்கும் கலங்கலுக்கும் அருகே படகு போகவே கூடாது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரின் வேகத்தைச் சென்னை மறக்கவில்லை.

செய்ய வேண்டியது

2020-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில், மீனவர் படகும் வலையும் வாங்கச் செலவில் நூற்றுக்கு 40 பங்கும், மகளிருக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 பங்கும் உதவி அறிவிக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் புதிதாக வாங்கிய படகு இரண்டு மழைக்கு ஏரிக்கரையில் நனைந்து கிடந்தால், உதவியும் கடனும் சேர்ந்தே உளுத்துப்போகும்.

ஆகவே ஒவ்வோர் ஏரிச் சங்கமும் கரையில் ஒரு கொட்டகை போட வேண்டும். படகு கவிழ்க்கக் கட்டைகள், வலை உலர்த்தக் கொடி, வலை ஊசியும் நூலும், ரெசின் ஒட்டும் சாமான், மிதவை அங்கிகள் ஆகியவை அங்கே பொதுவில் இருக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு புதிய படகின் விலையில் சிறு பகுதிதான். அரசும் உதவி தரும்போது கொட்டகை உண்டா என்று கேட்டுத் தரலாம். வலை முடியத் தெரிந்த முதியவர் ஊருக்கு ஒருவராவது இன்னும் இருக்கிறார். அவரை அந்தக் கொட்டகையில் உட்கார வைத்து, இளைஞர்கள் நாலு பேர் தொழில் கற்றுக்கொண்டால், கிழிந்த ஒவ்வொரு வலைக்கும் மூலக்கொத்தளம் தாண்டிக் கடைக்கு ஓட வேண்டிய தேவை இராது.