நீதிமன்ற வாசலிலிருந்து அகற்றப்பட்ட வகுப்பறை

கோவில்பதாகையிலிருந்து சட்டம் படிக்கப் போகும் ஒரு மாணவர் ஆவடி நிலையத்தில் எந்தத் திசை ரயிலுக்காக நிற்க வேண்டும்? 2018க்கு முன் சென்னை நோக்கிச் செல்லும் ரயிலுக்காக நின்றிருப்பார். இறங்கி நடந்தால் உயர் நீதிமன்ற வளாகம். அதன் மதிலையொட்டி டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. இன்று பட்டரைபெரும்புதூரில் இடம் கிடைத்தவர் எதிர்த்திசையில் திருவள்ளூர் சென்று, அங்கிருந்து பேருந்து பிடிக்கிறார். ஆவடிப் பகுதி மாணவர்களுக்குப் பயண தூரம் பெரிதாகக் கூடிவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். இழப்பு கிலோமீட்டரில் இல்லை.

1891இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரி நகரத்தைவிட்டு ஏன் வெளியேறியது என்பதை இன்று முதலாண்டில் சேரும் மாணவர்கள் பலர் அறியார். 2008 நவம்பர் 12 அன்று கல்லூரி வாயிலில் மாணவர்களிடையே நடந்த மோதலைத் தொலைக்காட்சிகள் நாள் முழுதும் திரும்பத் திரும்பக் காட்டின. காவலர்கள் நின்று வேடிக்கை பார்த்ததையும் நாடு கண்டது. தேவர் குருபூஜைச் சுவரொட்டிகளில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கரின் பெயர் விடுபட்டிருந்ததே மோதலுக்கு வித்திட்டது என்பது அந்தக் காட்சிகளில் இல்லை. அன்று நடந்த அடிதடியை நாம் நியாயப்படுத்தவில்லை. இன்றும் நியாயப்படுத்த மாட்டோம். ஆனால் அதற்குக் கண்டறியப்பட்ட மருந்து என்ன? நீதிபதி பி. சண்முகம் ஆணையம் கல்லூரியை இடம் மாற்றப் பரிந்துரைத்தது. மாணவர்கள் போராடியும் 2018இல் கல்லூரி இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒன்று பட்டரைபெரும்புதூருக்கும் மற்றொன்று புதுப்பாக்கத்துக்கும் போயின. சாதி வகுப்பறைக்குள் இருந்தது, அப்புறப்படுத்தப்பட்டதோ வகுப்பறை.

தந்தையோ சித்தப்பாவோ வழக்குரைஞராக இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு நீதிமன்றம் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். சேரியிலிருந்து முதல் தலைமுறையாக வரும் மாணவருக்கு அப்படியன்று. வகுப்பு முடிந்ததும் மதிலைத் தாண்டி ஒரு பிணை மனு எப்படி வாதிடப்படுகிறது என்று பின்வரிசையில் நின்று பார்ப்பதும், மாலையில் ஒரு மூத்தவரின் அறையில் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடப்பதும்தான் அவருக்கான உண்மையான பாடத்திட்டம். வக்காலத்து எப்படித் தாக்கலாகிறது, நீதிமன்ற எழுத்தரிடம் எப்படிப் பேசுவது என்பவை எந்தப் பாடநூலிலும் கிடையா. இந்திய வழக்குரைஞர் மன்றத்தின் 2008 சட்டக் கல்வி விதிகள் ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகையைக் கோருகின்றன. அது சரியே. ஆனால் கல்லூரி நீதிமன்றத்தின் பக்கத்தில் இருந்தபோது வகுப்பும் அனுபவமும் ஒரே நாளில் இயன்றன. இன்று ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டியிருக்கிறது.

பட்டம் பெற்ற பின்னும் வாசல்கள் இருக்கின்றன. பதிவுக் கட்டணமாக மாநில மன்றங்கள் பல்லாயிரம் ரூபாய் வாங்கிவந்த நிலையில், 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் கௌரவ் குமார் வழக்கில் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாயும் பட்டியல் சாதியினர், பழங்குடியினரிடம் 125 ரூபாயும் மட்டுமே சட்டப்படி பெறலாம். அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றமும் இளம் வழக்குரைஞர்களுக்குப் பெருநகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை வழங்கப்பட வேண்டும் என்றது. கட்டணத் தீர்ப்பு கவுண்டரிலேயே செயல்படும். உதவித்தொகை உத்தரவோ, எந்த மூத்தவரின் அறைக்குள் முதலில் நுழைய முடிகிறது என்பதைப் பொறுத்தது. அந்த அறிமுகம் கிடைக்கும் இடத்திலிருந்துதான் கல்லூரி விலக்கப்பட்டிருக்கிறது.

வளாகத்துக்குள் அவமதிப்பு நேர்ந்தால் யாரிடம் போவது? ரோஹித் வேமுலா, பாயல் தட்வி ஆகியோரின் தாயார்கள் 2019இல் தொடர்ந்த வழக்கின் விளைவாக, பல்கலைக்கழக மானியக் குழு 2026 ஜனவரி 13 அன்று புதிய சமத்துவ விதிகளை அறிவித்தது. ஜனவரி 29 அன்றே உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்து, 2012 விதிகளே தொடரும் என்றது. தடையைப் பற்றிப் பேசுவோர் மறப்பது, பழைய விதிகள் உயிருடன் இருக்கின்றன என்பதை. அவற்றின்படி சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும். புகார் மீது 60 நாள்களில் முடிவெடுக்க வேண்டும். நாங்கள் சந்திக்கும் சட்ட மாணவர்களுக்கே இந்த ஏற்பாடு தெரிவதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்களின் நிலை இது.

கல்லூரியைப் பழைய கட்டடத்துக்கே கொண்டுவா என்று நாம் கேட்கப் போவதில்லை. அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆனால் திருவள்ளூரிலும் நீதிமன்றங்கள் உண்டு. வாரத்தில் ஒரு நாளை அங்கே அமர்வதற்கென ஒதுக்கி, அதை வருகைப் பதிவில் சேர்த்துக்கொள்ள முடியும். பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலர் யார் என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்ட ஒரு தாள் போதும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மாணவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தங்கள் கல்லூரிகளில் அந்த அலுவலரின் பெயரையும் நியமன நாளையும் கேட்டு விண்ணப்பிக்கலாம். மாநில அரசின் அலுவலகங்களில் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.