கையில் லேசு... காலில் எப்படி?

ஸ்கீ கடைக்குள் நுழைகிறவர்கள் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. சாய்த்து வைத்திருக்கும் ஸ்கீயைக் கையில் தூக்கி, மேலும் கீழும் ஆட்டி எடை பார்ப்பார்கள். லேசாக இருந்தால் முகம் மலரும். கனமாக இருந்தால் சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிடுவார்கள். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவது மாதிரி!

தேங்காய்க்கு அந்தச் சோதனை சரி. ஸ்கீயைக் கையில் சுமக்கும் நேரம், கார் நிறுத்துமிடத்திலிருந்து லிஃப்ட் வரைதான். மீதி நாள் முழுக்க அது காலில்தான் இருக்கப் போகிறது. கை சொல்வதைக் கேட்டு வாங்கினால், கால்தான் கஷ்டப்பட வேண்டும்.

சூரிச், ஆஸ்லோ, டொராண்டோ என்று பனி விழும் ஊர்களில் இருக்கும் வாசகர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. சுவிஸ் பள்ளிகள் குளிர்காலத்தில் பிள்ளைகளை ஸ்கீ முகாமுக்குக் கூட்டிப் போகின்றன. பிள்ளை கற்றுக்கொண்டு வந்ததும் அப்பா அம்மாவுக்கும் ஆசை வருகிறது. இங்கே இருப்பவர்களுக்கோ காஷ்மீரின் குல்மார்க் இருக்கிறது. ஆகவே இந்த வாரம், ஆல்-மவுண்டன் ஸ்கீயில் லேசானதா, உலோகத் தகடு வைத்த கனமானதா என்று பார்த்துவிடுவோம்.

400 கிராம் எங்கிருந்து வந்தது?

ஆல்-மவுண்டன் என்றால் மலையின் எல்லா இடத்துக்கும் ஏற்றது என்று பொருள். இயந்திரம் ஓட்டிச் சமன் செய்த சரிவு, மெத்தென்ற புதுப்பனி, பலர் உழுதுவிட்டுப் போன கட்டிக் கட்டியான பனி எல்லாவற்றுக்கும் ஒரே ஜோடி. காலுக்கு அடியில் இதன் அகலம் பெரும்பாலும் 85 முதல் 105 மில்லிமீட்டருக்குள் இருக்கும்.

சுமார் 180 சென்டிமீட்டர் நீளத்தில், லேசான வகை ஒரு ஸ்கீ 1.6 முதல் 1.8 கிலோ வரை இருக்கும். உலோகம் வைத்த வகை 2 கிலோவைத் தாண்டும். வித்தியாசம் ஏறக்குறைய 400 கிராம். இந்த 400 கிராம் எங்கே ஒளிந்திருக்கிறது?

கனமான ஸ்கீயின் உள்ளே பார்த்தால் நடுவில் மரம். அதற்கு மேலும் கீழும் டைட்டனால் என்ற தகடு. பெயரைக் கேட்டு டைட்டானியம் என்று நினைத்துவிட வேண்டாம். இது துத்தநாகம், மெக்னீசியம், தாமிரம் எல்லாம் சேர்த்த அலுமினியக் கலப்பு உலோகம். ஆஸ்திரியாவில் ரான்ஸ்ஹோஃபென் என்ற ஊரின் அலுமினிய ஆலையில் தயாராகிறது.

தகட்டின் கனம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு என்று வையுங்கள், 0.4 மில்லிமீட்டர். நீளம் 170 சென்டிமீட்டர், சராசரி அகலம் 11 சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஒரு தகடு சுமார் 210 கிராம் வருகிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று. கணக்கு சரியாகிவிட்டது!

லேசான ஸ்கீயில் இந்தத் தகடுகளை எடுத்துவிட்டு, கண்ணாடி இழையும் கார்பன் இழையும் வைக்கிறார்கள். நடு மரமும் பவ்லோனியா மாதிரி இலகுவான மரமாக மாறுகிறது.

லேசாக்க வந்த உலோகம்

ஸ்கீக்குள் உலோகம் வந்ததே எடையைக் குறைக்கத்தான் என்றால் நம்புவீர்களா?

ஹோவர்ட் ஹெட் அமெரிக்காவின் பால்டிமோரில் மார்ட்டின் விமான நிறுவனத்தில் பொறியாளர். 1947-ல் வெர்மாண்ட் மாநிலத்தின் ஸ்டோவ் மலைக்கு ஸ்கீ பழகப் போனார். காலில் கட்டியது நீளமான, கனமான ஹிக்கரி மர ஸ்கீ. அது அவரைப் படாதபாடு படுத்தியது. விமானத்துக்கு அலுமினியமும் பசையும் வைத்து லேசான, உறுதியான பாகங்கள் செய்கிறோமே, ஸ்கீக்கு ஏன் செய்யக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

முதலில் செய்தவை எல்லாம் மலையில் உடைந்தன. மனிதர் விடவில்லை. மூன்று குளிர்காலம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். ஒட்டுப்பலகை நடுவில், அலுமினியம் மேலும் கீழும், ஓரத்தில் எஃகு விளிம்பு என்று ஒரு வடிவம் நிலைத்தது. 1950-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். திரும்புவது அவ்வளவு சுலபமாக இருந்ததால், அந்த ஸ்கீக்கு 'ஏமாற்றுக்காரன்' என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். 1960-ல் ஸ்குவா வேலி ஒலிம்பிக்கில் பிரான்ஸின் ழான் வார்னே உலோக ஸ்கீயில் டவுன்ஹில் தங்கம் வென்ற பிறகு, பந்தயக்காரர்களும் உலோகத்தை மதிக்க ஆரம்பித்தார்கள்.

காலம் எப்படித் திரும்பியது பாருங்கள். அவர் பெயரைத் தாங்கிய அதே ஹெட் நிறுவனம் 2017-ல் 'கோர்' என்ற வரிசையைக் கொண்டு வந்தது. அதன் பெருமையே உலோகத் தகடு இல்லை, அதனால் லேசு என்பதுதான்!

கோயில் மணியும் உலோகம்தான்

அப்படியானால் இன்னமும் ஏன் பலர் கனமான ஸ்கீயைத் தேடி வாங்குகிறார்கள்?

காலி லாரி பள்ளத்தில் விழுந்தால் தூக்கித் தூக்கிப் போடும். சரக்கு ஏற்றிய லாரி அமுங்கிக்கொண்டு போகும். ஸ்கீயிலும் அதே கதை. வேகமாக இறங்கும்போது இறுகிய பனிக்கட்டி மீது மோதினால், லேசான ஸ்கீ எகிறும், வழி மாறும். கனமானது அதை நசுக்கிக்கொண்டு நேரே போகும்.

இரண்டாவது காரணம் முறுக்கு. ஸ்கீயைச் சாய்த்து விளிம்பால் பனியைக் கடிக்க வைக்கும்போது, முனையும் வாலும் முறுக்கிக்கொண்டு நழுவப் பார்க்கும். உலோகத் தகடு அந்த முறுக்கைத் தடுக்கிறது. பனி பாறையாக இறுகிய காலை நேரத்தில், விளிம்பு முழு நீளத்துக்கும் பிடித்து நிற்கும்.

மூன்றாவது காரணத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். உலோகம் அதிர்வைக் குடித்துவிடும் என்பார்கள். கோயில் மணியும் உலோகம்தானே? அடித்தால் எவ்வளவு நேரம் ரீங்கரிக்கிறது! உண்மையில் உலோகம் மட்டும் வைத்த ஆரம்பகால ஸ்கீகள் வேகத்தில் கடகடவென்று அதிர்ந்தன. அதை அடக்க ஹெட்டும் பிறகு ரப்பர் அடுக்கு சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டு விறைப்பான அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய ரப்பர் இழுபட்டு இழுபட்டு அதிர்வைச் சூடாக மாற்றிக் கரைக்கிறது. ஆகவே 'இதில் உலோகம் இருக்கிறது' என்று விற்பனையாளர் சொன்னால் அதோடு விடாதீர்கள். எங்கே இருக்கிறது, ரப்பர் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

லேசுக்கு உள்ள நியாயம்

ஒரு காலில் ஸ்கீ 2 கிலோ, பைண்டிங் சுமார் 1 கிலோ, பூட் சுமார் 2 கிலோ. மரங்களுக்கு நடுவே, மேடு மேடாக இருக்கும் சரிவில் வளைந்து வளைந்து இறங்கும்போது இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் கால்தான் திருப்ப வேண்டும்.

எடை எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு இருக்கிறது என்பதைப் போலவே முக்கியம். காலிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி 100 கிராம் இருந்தால் திருப்புவது சுலபம். அதே 100 கிராம் 80 சென்டிமீட்டர் தள்ளி முனையில் இருந்தால், திருப்புவதை எதிர்க்கும் தன்மை 16 மடங்கு. தூரம் 4 மடங்கானால் பலன் அதன் வர்க்கம்.

இன்னொன்று, ஸ்கீ வளைந்தால்தான் திரும்பும். விறைப்பான உலோக ஸ்கீயை வளைக்க உடல் எடையோ வேகமோ வேண்டும். 55 கிலோ எடையுள்ளவர் நிதானமாக இறங்கினால், அது வளையாமல் மரக்கட்டை மாதிரி நேரே போகும். அது அவருடைய திறமைக் குறைவு இல்லை. ஸ்கீ அவருக்கானது இல்லை, அவ்வளவுதான்.

இந்த இரண்டுக்கும் நடுவே இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. உலோகம் வேண்டிய இடத்தில் மட்டும் வைப்பது. வோல்க்கல் நிறுவனம் 2018-ல் மந்த்ரா ஸ்கீயில் முழுத் தகட்டை விட்டுவிட்டு, ஓரங்களை ஒட்டிச் சட்டம் மாதிரி வைத்தது. அடுத்த ஆண்டு கே2 நிறுவனம் மைண்ட்பெண்டரில் ஆங்கில 'ஒய்' எழுத்து வடிவில் தகட்டை வெட்டி வைத்தது. பிடி வேண்டிய இடத்தில் பிடி, முனையில் எடை குறைவு.

மதியம் 3 மணி

இதுவரை சொன்னதில் எது ஜெயிக்கிறது? காலை 9 மணிக்கு இரண்டுமே நன்றாகத்தான் இருக்கும். கால் புதிதாக இருக்கிறது, சரிவு சமமாக இருக்கிறது. உண்மையான பரீட்சை மதியம் 3 மணிக்கு. பனி கட்டிக் கட்டியாகக் கிடக்கும், வெளிச்சம் மங்கும், தொடை எரியும்.

அப்போது களைத்த உடல் தானாகவே பின்னால் சாய்கிறது, நாற்காலியில் உட்காருவது போல. வெர்மாண்டில் 1972 முதல் ஸ்கீ காயங்களை ஆராய்ந்த ஜான்சன், எட்லிங்கர், ஷீலி மூவரும் இந்த நிலையின் ஆபத்தை விளக்கியிருக்கிறார்கள். இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கி, எடை முழுக்கப் பின்னால் போய், கீழ்ப்பக்க ஸ்கீயின் வால் பகுதி உள்விளிம்பில் பனியைப் பிடித்துக்கொள்கிறது. பின்னால் நீண்டிருக்கும் அந்த வால் ஒரு நெம்புகோலாகி முழங்காலைத் திருகுகிறது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மாயப் பாதம்'. கிரிக்கெட் செய்திகளில் அடிக்கடி கேட்கும் ஏ.சி.எல். தசைநார் கிழிவது இப்படித்தான். இந்த மாதிரித் திருகலில் பைண்டிங் கழன்று காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது.

கனமான ஸ்கீதான் முழங்காலை உடைக்கும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இரண்டு வகையும் களைக்க வைக்கும், வழிதான் வேறு. மெதுவாக, அடிக்கடி திரும்பி இறங்குகிறவரைக் கனமான ஸ்கீ களைக்க வைக்கும். இறுகிய பனியில் வேகமாக இறங்குகிறவரை லேசான ஸ்கீ களைக்க வைக்கும். ஸ்கீ வாங்காத அதிர்வையெல்லாம் தொடை வாங்க வேண்டியிருக்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நான் இறங்கும் இடத்தில், நான் இறங்கும் வேகத்தில், எது என் காலைக் குறைவாகக் களைக்க வைக்கும்?

யாருக்கு எது?

• டொராண்டோவைச் சுற்றியுள்ள குன்றுகள், வெர்மாண்ட் போன்ற இடங்கள்: இறுகிய பனி அதிகம். நன்றாகப் பழகி, வேகம் பிடித்தவர் என்றால் உலோகம் வைத்தது. காலடி அகலம் 90 மில்லிமீட்டர் அளவில் போதும்.

• குல்மார்க்கில் அபர்வத் மலையின் மேல் பகுதி: இயந்திரம் சமன் செய்யாத மலை, காற்றில் பிராணவாயு குறைவு, சீக்கிரம் மூச்சு வாங்கும். அகலமான, லேசான வகை உதவும். புதுப்பனியில் மோதுவதற்குக் கட்டிகளும் குறைவு.

• வருடத்துக்கு ஒரு வாரம் மட்டும் இறங்குகிறவர், உடல் எடை குறைந்தவர்: லேசானது, அல்லது உலோகம் பாதி வைத்த நடுவகை.

• பிள்ளைகள்: அப்பாவின் பழைய உலோக ஸ்கீயை வளரும் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். அவர்கள் எடைக்கு அது வளையாது. சீசனுக்கு வாடகைக்கு எடுப்பதே நல்லது.

• நடந்து மலை ஏறி இறங்குகிறவர்: யோசிக்கவே வேண்டாம், லேசுதான். ஒவ்வொரு அடிக்கும் அந்த 400 கிராமைத் தூக்க வேண்டும்.

வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். காலையில் ஒரு முறை இறங்கிவிட்டு முடிவு செய்யாமல், அதே ஜோடியில் மதியமும் ஒரு முறை இறங்குங்கள். பைண்டிங் பொருத்துபவர் எடை, உயரம், வயது கேட்பார். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார். அங்கே 5 கிலோவைக் குறைத்துச் சொல்வதும், 'நான் எக்ஸ்பர்ட்' என்று கூட்டிச் சொல்வதும் வேண்டாமே!

ஒருவேளை பின்னால் சாய்ந்து விழ ஆரம்பித்துவிட்டால், எழுந்து நிற்கப் போராடாதீர்கள். விழுந்து, முழுதாக நின்ற பிறகு எழுந்திருங்கள். தொடை எரிய ஆரம்பித்துவிட்டால், கடைசியாக ஒரு முறை என்ற ஆசையை விட்டு லிஃப்டிலேயே இறங்கிவிடுங்கள். கீழே சூடான சாக்லேட் காத்திருக்கும். மலை நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.